பெயர் கேள்விப்படாத மெல்லிய லேப்டாப்: யாங்கோன் கரண்டுக்குத் தாக்குப்பிடிக்குமா?

நாற்பத்தேழாம் தெரு

எல்லாருக்கும் வணக்கம். 14.1 அங்குல மெல்லிய லேப்டாப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சீன எல்லை வழியாக வரும் சரக்கு. மூடியில் இருக்கும் பெயரை நம்ம பக்கம் யாரும் கேள்விப்பட்டதில்லை, அதனால் இங்கே போட்டும் பயனில்லை. பெட்டியில் அச்சடித்திருப்பது: இன்டெல் என்100 ப்ராசசர், 12 ஜிபி எல்பிடிடிஆர்5 ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 1920×1080 ஐபிஎஸ் திரை, 5000 எம்ஏஎச் பேட்டரி, எடை 1.3 கிலோ, அலுமினிய உடம்பு, விண்டோஸ் 11 போட்டே வருகிறது. சார்ஜர் 12 வோல்ட் 3 ஆம்பியர், உருண்டைப் பின். பக்கவாட்டில் ஒரு டைப்-சி துளை, அதற்கு ‘முழு வசதி’ என்று விளம்பரம்.

வேலை என்று பார்த்தால் கடைக் கணக்கு, தமிழ், பர்மியத் தட்டச்சு, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, அவ்வளவுதான். விளையாட்டு, வீடியோ வெட்டி ஒட்டும் வேலை கிடையாது. கரண்டு நிலவரம் உங்களுக்கே தெரியும். வீட்டில் இன்வெர்ட்டரும் 12 வோல்ட் 60 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரியும் உண்டு. ஏழு நாளுக்குள் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் ரசீதில் எழுதித் தருகிறார். அந்த ஏழு நாளில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பீகூ பட்டறை

ப்ராசசர், ரேம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த டைப்-சி துளை. கரண்டு இல்லாதபோது பவர் பேங்கிலும் கார் சார்ஜரிலும் ஏற்ற அதுதான் வழி, நம்ம ஊரில் ஒரு லேப்டாப்பின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது.

டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏற்றும் பவர் டெலிவரி முறையில் சார்ஜரும் கருவியும் பேசி வைத்துக்கொள்ளும் வோல்டேஜ் 5, 9, 15, 20. இவைதான் விதிப்படி உள்ளவை. 12 வோல்ட் விருப்பம்போல் சேர்த்துக்கொள்வது. பல நல்ல 65 வாட் சார்ஜர்களில் அது இருக்கவே இருக்காது. உங்கள் லேப்டாப்போடு வருவது 12 வோல்ட் அடாப்டர். அப்படியென்றால் உள்ளே இருக்கும் சார்ஜிங் சுற்றும் 12 வோல்டுக்காகவே போடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். டைப்-சி வழியாகவும் அது 12 வோல்டைத்தான் கேட்கும். சார்ஜரில் 12 இல்லை என்றால் ஒன்றும் ஏறாது, அல்லது 5 வோல்டில் சொட்டுச் சொட்டாக ஏறும். கடைக்காரர் ஒரு சார்ஜரைச் செருகி விளக்கு எரிவதைக் காட்டிவிட்டு ‘பாருங்க, ஏறுது’ என்பார். விளக்கு எரிவதும் சார்ஜ் ஏறுவதும் ஒன்றல்ல.

சோதிக்கும் விதம்: வோல்டும் ஆம்பியரும் காட்டும் சின்ன யூஎஸ்பி-சி மீட்டர் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். லேப்டாப் பேட்டரி 50 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நிறைந்த பேட்டரி ஆம்பியரை இழுக்காது, நாம் ஏமாந்துவிடுவோம். லேப்டாப்பை ஆன் செய்து 20 வோல்ட் உள்ள 65 வாட் சார்ஜர், மீட்டர், லேப்டாப் என்ற வரிசையில் மாட்டுங்கள். 20 வோல்டும் 1.5 ஆம்பியருக்கு மேலும் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த சோதனைக்குப் போகலாம். 12 காட்டினால் அரைப் பாஸ். 5-லேயே நின்றால் அந்தத் துளை பென் டிரைவ் சொருக மட்டும்தான்.

அதோடு லேப்டாப்பை முழுதாக அணைத்து, பேட்டரி அடியோடு தீர்ந்த நிலையிலும் டைப்-சியில் ஏறுகிறதா என்று வீட்டில் பார்த்துவிடுங்கள். சிலவற்றில் பேட்டரி செத்துவிட்டால் உருண்டைப் பின் வழியாக மட்டுமே உயிர் வரும்.

பழைய ரங்கூன்

தம்பி, பீகூ சொல்வது சரி. நான் பேட்டரிக் கணக்கைச் சேர்க்கிறேன்.

5000 எம்ஏஎச் என்று மட்டும் போட்டால் அதில் ஒரு விஷயமும் இல்லை. வோல்டால் பெருக்க வேண்டும். 7.6 வோல்ட் பேட்டரி என்றால் 5 × 7.6 = 38 வாட் அவர். 3.8 வோல்ட் என்றால் 19 தான். ஒரே எண், பாதி பேட்டரி! எந்தப் பேட்டரியாக இருந்தாலும் வாட் அவரைக் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் விண்டோஸே சொல்லும். கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடித்தால் ஒரு பக்கம் தயாராகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி, சைக்கிள் கவுண்ட் (எத்தனை முறை முழுதாக ஏற்றி இறக்கியது) மூன்றும் வரும். புதுசு என்று விற்கும் பெட்டியில் சைக்கிள் 40, 50 என்றிருந்தால் யாரோ ஓட்டிப் பார்த்த சரக்கு. ஃபுல் சார்ஜ் அளவு டிசைனில் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் நான் வாங்கமாட்டேன். இரண்டு எண்ணும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்து, சைக்கிளும் வெறுமையாக இருந்தால் பேட்டரிச் சிப் ஒழுங்காக எண்ணிக்கை தரவில்லை என்று பொருள். அப்போது நேரம் பிடித்துத்தான் அளக்க வேண்டும்: திரை பாதி வெளிச்சம், வைஃபை ஆன், வீடியோ தொடர்ச்சியாக ஓடட்டும்.

என்100 போன்ற சிப்பில் எழுத்து வேலை, பிரவுசர் என்றால் மொத்த லேப்டாப்பும் 7 முதல் 10 வாட் இழுக்கும். 38 வாட் அவர் பேட்டரியில் நாலு, ஐந்து மணி நேரம். பெட்டியில் பத்து மணி என்று போட்டிருந்தால் அது திரையை அணைத்து வைத்தால் வரும்.

பவர் பேங்கிலும் இதே கணக்கு. 20,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு, அதாவது 74 வாட் அவர். வோல்டேஜை ஏற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் கையில் வருவது 60 சொச்சம். உங்கள் லேப்டாப்புக்கு ஒன்றரை முறை.

அப்புறம் சார்ஜரின் வாட். 12 × 3 = 36 வாட், பரவாயில்லை. இதே ரகத்தில் 12 வோல்ட் 2 ஆம்பியர் கொடுப்பவர்களும் உண்டு. அது 24 வாட். லேப்டாப் பத்து வாட் தின்றுகொண்டிருந்தால் பேட்டரிக்கு மிச்சம் 14. நாலு மணி நேரம் கரண்டு வந்து போகும் வீட்டில் அது பட்டும் படாமலும்தான் நிறையும்.

சால்டரிங் கை

நல்லா ஓடுதா என்பதைவிட, செத்தால் உயிர் கொடுக்க முடியுமா என்று பாருங்க. கடைக்காரர் சம்மதித்தால் அடி மூடியைக் கழற்றிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. பத்து, பன்னிரண்டு திருகு இருக்கும். ரப்பர் கால்களுக்கு அடியில் ரெண்டு ஒளிந்திருக்கும், அதை மறந்து நெம்பினால் மூடி வளையும்.

உள்ளே பேட்டரி மேல ஒட்டியிருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. இந்த மாதிரி கம்பெனிகளுக்கு உதிரி பாகம் தரும் கிளை எங்கேயும் கிடையாது, அந்த எண்ணைத் தேடித்தான் மாற்றுப் பேட்டரி பிடிக்கணும். 30137162 என்கிற மாதிரி நீள எண் இருந்தால் அது பெரும்பாலும் அளவு: தடிமன் 3.0, அகலம் 137, நீளம் 162 மில்லிமீட்டர். அளவு பொருந்தினால் மட்டும் போதாது. வோல்டேஜ், கனெக்டரில் எத்தனை கம்பி, எந்தப் பக்கம் பாசிட்டிவ், மூன்றும் ஒத்துப்போகணும். ஒரே அளவில் கம்பி வரிசை தலைகீழாக வரும் பேட்டரிகள் உண்டு. மாட்டினால் போர்டு போச்சு.

எஸ்எஸ்டி தனி அட்டையாக எம்.2 துளையில் இருக்கா, போர்டிலேயே பற்றவைத்த ஈஎம்எம்சியா? ஈஎம்எம்சி என்றால் எழுந்து வந்துடுங்க. எம்.2 என்றால் அடுத்த கேள்வி: துளை சாட்டா ரக எஸ்எஸ்டிக்கா, என்விஎம்ஈ ரகத்துக்கா? மலிவு போர்டுகளில் ரெண்டில் ஒன்றுதான் வேலை செய்யும். துளை 2280 நீளமா 2242 நீளமா என்றும் பாருங்க. நாளைக்கு மாற்றும்போது சந்தையில் சுலபமாகக் கிடைப்பது 2280.

ரேம் எல்பிடிடிஆர்5 என்றால் பற்றவைத்ததுதான், கூட்ட வழியில்லை. 12 ஜிபி உங்க வேலைக்குப் போதும். என்100-க்கு மெமரி சேனல் ஒன்றுதான், அதனால் ‘ஒரு பக்கம் ரேம் காலியா இருக்கே’ என்று வருத்தப்பட வேண்டாம்.

கீல் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது பெரிய கதை.

தமிழ்99

கீபோர்டைப் பற்றி யாரும் பேசவில்லை. மெல்லிய, மலிவு லேப்டாப்புகளில் வலது பக்க ஓரத்தில்தான் கை வைப்பார்கள். அடைப்புக்குறி விசைகள், அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சாய்கோடு எல்லாம் முக்கால் அகலத்துக்குச் சுருங்கியிருக்கும். ஆங்கிலம் அடிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தமிழ் 99 விசை அமைப்பில் அரைப்புள்ளி விசைதான் ந, மேற்கோள் விசை ய, அடைப்புக்குறி இரண்டும் ச, ஞ, சாய்கோடு ழ. ‘நியாயம்’ என்று ஒரு சொல்லைக் கடையிலேயே பத்து முறை வேகமாக அடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் என்டர் மேல் எத்தனை முறை விழுகிறது என்று தெரிந்துவிடும். எஃப் விசை புள்ளி, தமிழில் ஓயாமல் அடிபடுவது. அதன் ஓரத்தில் தட்டினாலும் எழுத்து விழ வேண்டும்.

பர்மியத்துக்கு விண்டோஸிலேயே ‘மியான்மர் விஷுவல் ஆர்டர்’, ‘ஃபோனெட்டிக் ஆர்டர்’ என்று இரண்டு அமைப்பு இருக்கிறது. கடைக்காரர் பழக்க தோஷத்தில் யூனிகோடு அல்லாத பழைய ஸௌஜீ எழுத்துரு போட்டுத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2019 அக்டோபர் 1-ஆம் தேதியே நாடு யூனிகோடுக்கு மாறிவிட்டது. இப்போது ஸௌஜீயைத் திணித்தால் கணக்குப் புத்தகத்தில் பாதி எழுத்து சிதறித்தான் தெரியும். விசைகளில் பர்மிய எழுத்து ஒட்டும் ஸ்டிக்கர் மேட் ரகமாக இருக்கட்டும், பளபளப்பு ரகம் வியர்வையில் வழுக்கும்.

நாற்பத்தேழாம் தெரு

ரொம்ப நன்றி. ‘நியாயம்’ சோதனை நல்ல யோசனை. ப்ராசசர் உண்மையிலேயே என்100 தானா என்று எப்படி உறுதி செய்வது? வேறு சிப்பைப் போட்டுப் பெயர் மாற்றி விற்பதாகச் சொல்கிறார்களே.

பீகூ பட்டறை

செட்டிங்ஸ் பக்கத்தில் தெரியும் பெயரை மட்டும் நம்பக்கூடாது, அது எழுதி வைத்த ஒரு வரி. சிபியு-இசட் அல்லது எச்டபிள்யூஇன்ஃபோ நிரலைப் போட்டுச் சிப்பின் உடம்பைப் பாருங்கள். என்100 என்றால் 4 கோர், 4 த்ரெட், சிப்புக்குள் இருக்கும் எல்3 கேஷ் மெமரி 6 எம்பி, உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், கிராஃபிக்ஸில் 24 எக்ஸிக்யூஷன் யூனிட். என்95-க்கும் 4 கோர், 6 எம்பி, 3.4 தான், ஆனால் கிராஃபிக்ஸ் 16, வாட் அளவு 15. என்100-க்கு அது 6. மெல்லிய உடம்பில் அந்த வித்தியாசம் சூட்டில் தெரியும். அதற்கும் முந்தைய என்5095 போட்டிருந்தால் தலைமுறையே வேறு, அந்த விலைக்கு வேண்டாம்.

ஏஎம்டியின் ரைசன் சிப் பக்கம் போனால் கேஷ் இன்னும் முக்கியம். ரைசன் 5 5500யூ, 7430யூ இரண்டுக்குமே 6 கோர், 12 த்ரெட். பெயரை மறைத்துவிட்டால் கோர் எண்ணிக்கையில் பிடிபடாது. ஆனால் 5500யூ பழைய ஸென் 2, எல்3 8 எம்பி. 7430யூ ஸென் 3, எல்3 16 எம்பி. கேஷ் பொய் சொல்லாது.

எஸ்எஸ்டிக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரல். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை ஆன் ஆனது, சாட்டாவா என்விஎம்ஈயா எல்லாம் ஒரே திரையில். அளவு உண்மைதானா என்பதற்கு எச்2டெஸ்ட்டபிள்யூ. காலி இடம் முழுக்க எழுதித் திரும்பப் படிக்கும். 512 ஜிபி என்றால் விண்டோஸில் 476 என்று காட்டும், அது ஏமாற்று இல்லை, கணக்கு முறை வேறு. எழுதத் தொடங்கும்போது 400 எம்பி வேகம் காட்டி, நூறு ஜிபி தாண்டியதும் 80, 90-க்கு இறங்கினால் அதுவும் மலிவு எஸ்எஸ்டியின் இயல்புதான். கடைக் கணக்குக்குப் பாதகமில்லை. நடுவில் பிழை காட்டினால் மட்டும் திருப்பிக் கொடுங்கள். இந்தச் சோதனையை நடுவில் கரண்டு போகாத நேரமாகப் பார்த்து, பேட்டரி நிறைத்துக்கொண்டு தொடங்குங்கள். முடிய ரெண்டு, மூணு மணி நேரம் ஆகலாம்.

மௌலமியைன் மழை

விண்டோஸ் உரிமம் சோதித்தீர்களா? கமாண்ட் ப்ராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர், இடம், சாய்கோடு, டிஎல்ஐ என்று அடியுங்கள். ஒரு பெட்டி எழும். அதில் ‘ஓஇஎம் டிஎம்’ என்றிருந்தால் சாவி போர்டில் இருக்கும் பயாஸ் நிரலிலேயே பதிந்திருக்கிறது. புதிதாக விண்டோஸ் போட்டாலும் தானாக உயிர் பெறும். ‘வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்’ என்றிருந்தால் யாரோ குறுக்கு வழியில் போட்டது. 180 நாளில் புதுப்பிக்கச் சொல்லும். அதைவிடப் பெரிய கவலை, அந்தக் குறுக்கு வழி நிரலோடு வேறு என்ன உள்ளே வந்தது என்பது. கடைக் கணக்கு வைக்கிற மெஷினில் அது ஆகாது.

ஆகவே எப்படி இருந்தாலும் வாங்கியதும் சுத்தமாக விண்டோஸை மறுபடி போடுங்கள் என்பேன். ஆனால் டிரைவரை (டச்பேட், வைஃபை போன்றவற்றை இயக்கும் நிரல்கள்) எடுத்து வைக்காமல் அழித்தால் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்! பெயர் பெற்ற கம்பெனி என்றால் மாடல் எண் போட்டு டிரைவர் இறக்கலாம். இவற்றுக்கு அப்படி ஒரு பக்கம் இருக்காது, இருந்தாலும் சுட்டி செத்திருக்கும். பயாஸில் தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டீஃபால்ட் ஸ்ட்ரிங்’ என்றே விட்டு வைத்திருப்பார்கள், அதை வைத்து எதைத் தேடுவது?

செய்ய வேண்டியது: கமாண்ட் ப்ராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து டிஐஎஸ்எம் கட்டளையில் ஆன்லைன், எக்ஸ்போர்ட்-டிரைவர், டெஸ்டினேஷன் என்று கொடுத்து பென் டிரைவில் ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். எல்லா டிரைவரும் அங்கே போய் உட்காரும். அதை இரண்டு இடத்தில் வையுங்கள். புது விண்டோஸ் போட்டதும் டச்பேட் வேலை செய்யாமல் போகலாம், கம்பி மவுஸ் ஒன்று கையில் இருக்கட்டும். வைஃபை டிரைவர் இல்லாமல் நெட்வொர்க் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டால் நகரும். பிறகு டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி உள்ள ஒவ்வொன்றுக்கும் ‘அப்டேட் டிரைவர்’, பென் டிரைவ் ஃபோல்டர், துணை ஃபோல்டர்களையும் தேடு. முடிந்தது.

பயாஸில் தலைவலி வேறு மாதிரி. எல்லாக் கதவையும் திறந்தே விட்டிருப்பார்கள்: மெமரி வேகம், சிப் வோல்டேஜ், எதை வேண்டுமானாலும் திருகலாம். திருகாதீர்கள். மீட்டெடுக்கப் பயாஸ் கோப்பு கிடைக்காது.

பழைய ரங்கூன்

லினக்ஸ் போட்டால் இந்த டிரைவர் பாடே இல்லையே?

மௌலமியைன் மழை

பாதி சரி அண்ணே. டச்பேடும் வைஃபையும் பெரும்பாலும் தானாக எழும். சத்தம்தான் சந்தேகம். இந்த ரகங்களில் எவரெஸ்ட் ஈஎஸ்8336 ஒலிச் சிப் போட்டிருந்தால் லினக்ஸில் ஸ்பீக்கர் ஊமை, அல்லது இயர்போனில் மட்டும் வரும். ஆன்லைன் வகுப்புக்கு வாங்கும் லேப்டாப்பில் சத்தம் வராவிட்டால் எதற்கு? லினக்ஸை நிறுவாமல் லைவ் பென் டிரைவில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

சால்டரிங் கை

கீல் கதை. அலுமினிய உடம்பு என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் மேல் மூடி மட்டும்தான் அலுமினியம். கீபோர்டு இருக்கும் நடுப்பகுதி பிளாஸ்டிக். கீலின் திருகுகள் அந்தப் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைக் குழிகளில்தான் பிடிக்கும். கீல் இறுக்கமாகவும் பிளாஸ்டிக் மெலிசாகவும் இருந்தால், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்தக் குழி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கும். ஒரு மூலையைப் பிடித்துத் திறந்தால் மொத்த விசையும் ஒரு பக்கக் கீல் மேல விழும்.

கடையில் பார்க்க வேண்டியது: மூடியை மெதுவாகத் திறக்கும்போது கீல் பக்கத்து ஓரத்தில் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் இடைவெளி விரியுதா? ஒரு காகிதத் துண்டு நுழைகிற அளவு விரிந்தால் வேண்டாம். லேப்டாப்பை மேசையில் வைத்து ஒரு விரலால் மூடியைத் தூக்குங்க. அடிப்பாகமும் சேர்ந்து எழுந்தால் கீல் தேவைக்கு மேல் இறுக்கம். வாங்கிய பிறகு என்றால் கீல் தண்டின் நட்டைக் கால் சுற்று தளர்த்தினால் ஆயுள் கூடும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு தளர்த்தணும், இல்லாட்டி திரை முறுக்கும்.

டச்பேடை இன்னிக்கே அழுத்திப் பார்த்து அந்த ‘டக்’ சத்தத்தை நினைவில் வையுங்க. ஆறு மாசம் கழித்து அழுத்தம் கடினமானாலோ, ஒரு ஓரம் மேலே எழும்பினாலோ டச்பேடில் கோளாறு இல்லை, அடியில் பேட்டரி உப்புது. உடனே சார்ஜை நிறுத்தணும், அமுக்கி உட்காரவைக்கப் பார்க்கக்கூடாது. திஞ்சான் (ஏப்ரல் புத்தாண்டு) வெயிலில் நாள் முழுக்கச் சார்ஜரிலேயே போட்டு வைப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். இந்த மெஷின்களில் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி அநேகமாக இருக்காது, கையால்தான் பின்னைப் பிடுங்கணும்.

கம்பி எண்

இந்த இழையில் ஒன்று விட்டுப்போச்சு. அலுமினிய உடம்பு, ரெண்டு பின் சார்ஜர். சார்ஜ் ஆகும்போது உடம்பில் விரலை லேசாக ஓட்டினால் சுருசுருவென்று இருக்கும். நிறைய பேர் ஷார்ட் என்று பயந்து திருப்பிக் கொடுக்கிறார்கள். சார்ஜருக்குள் இரைச்சலை அடக்கப் போட்டிருக்கும் ஒய்-கெப்பாசிட்டர் வழியாகக் கசிவது அது. மல்டிமீட்டரில் உடம்புக்கும் எர்த்துக்கும் நடுவில் பார்த்தால் 90, 100 வோல்ட் ஏசி என்று பயமுறுத்தும், ஓடும் கரண்டு கால் மில்லி ஆம்பியருக்குள்ளேதான். உயிருக்கு ஆபத்தில்லை. மூன்று பின் சார்ஜரும் உண்மையான எர்த்தும் இருந்தால் நின்றுவிடும். பழைய கட்டடங்களில் மூன்றாவது துளை இருக்கும், கம்பி இருக்காது. அதனால் சார்ஜ் ஏறும்போது டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளைச் செருகுவதைத் தவிர்க்கவும், முதலில் கேபிள், பிறகு சார்ஜர். ஆனால் சுருசுரு இல்லாமல் ‘வெடுக்’கென்று அடித்தால் அந்தச் சார்ஜரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சார்ஜர் மேல 100–240 வோல்ட் என்று போட்டிருக்கணும். மாலையில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 170-க்கு இறங்கினாலும் அப்போது பயமில்லை. பயப்பட வேண்டியது போன கரண்டு திரும்ப வரும் அந்த நொடிக்கு. கரண்டு போனதும் பின்னைப் பிடுங்கி, வந்து ஐந்து நிமிஷம் கழித்துச் செருகுங்கள்.

சூட்டுக்கு: ஃபேன் உண்டா இல்லையா என்று எழுதவில்லையே. ஃபேன் இல்லாத என்100 என்றால் ப்ராசசர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்சைப் பத்து நிமிஷம் விடாமல் ஓட்டி, முதல் சுற்று எண்ணையும் கடைசிச் சுற்று எண்ணையும் எழுதுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்குமேல் விழுந்தால் ஏப்ரலில் பிரவுசரே தடுமாறும். கடை ஏசியில் ஓட்டாதீர்கள், வீட்டு அறையில் ஓட்டுங்கள்.

பழைய ரங்கூன்

இன்வெர்ட்டர் இருக்கிறது என்று தம்பி சொன்னதால் ஒன்று. லேப்டாப்புக்காக இன்வெர்ட்டரை ஓடவிடாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் சும்மா இருக்கவே பத்து, பதினைந்து வாட் தின்னும். 12 வோல்டை 230 ஆக்கி, சார்ஜர் அதை மறுபடி இறக்கி, எல்லா இடத்திலும் கசிவு. பத்து வாட் லேப்டாப்புக்கு பேட்டரியிலிருந்து 27 வாட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 ஏஎச் லெட் ஆசிட்டில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது, ஆக 360 வாட் அவர். 13 மணி நேரம். அதே பேட்டரியில் கார் டைப்-சி சார்ஜரை நேராக மாட்டினால் 11, 12 வாட் போகும். 30 மணி நேரம்.

கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர் போதும், இரண்டு மீட்டருக்குள். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். பேட்டரி ஓய்வில் 12.2 வோல்டுக்கு வந்தால் பாதி தீர்ந்தது, நிறுத்திவிடுங்கள்.

கம்பி எண்

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வீட்டில் ஃபேனும் லைட்டும் எப்படியும் இன்வெர்ட்டரில்தான் ஓடுது என்றால் அந்தச் சும்மாச் செலவு ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கு அண்ணே. அப்போது லாபம் நீங்கள் சொன்ன அளவு வராது. லேப்டாப் மட்டும் ஓடும் ராத்திரிக்குத்தான் உங்க கணக்கு. அதோடு சதுர அலை இன்வெர்ட்டரில் சில சார்ஜர்கள் முனகும், சூடாகும். அப்படி முனகினால் கார் சார்ஜர்தான் நல்லது.

பழைய ரங்கூன்

சரி, ராத்திரிக் கணக்கு என்று திருத்திக்கொள்கிறேன்.

மௌலமியைன் மழை

எதிர்க்கட்சியாக ஒன்று: இதே காசுக்குப் பழைய லெனோவோ திங்க்பேட் டி480எஸ் லேப்டாப் கிடைத்தால்? 57 வாட் அவர் பேட்டரி, டைப்-சியில் 20 வோல்ட், உதிரி பாகம் உலகம் முழுக்க, எட்டாம் தலைமுறை இன்டெல் என்பதால் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும். டி470 வாங்கிவிடாதீர்கள், ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது.

சால்டரிங் கை

வேகத்திலும் டி480எஸ் முன்னால்தான், ஐ5-8250யூ என்றால் 4 கோர் 8 த்ரெட். ஆனால் பழைய மெஷினில் பேட்டரி தேய்ந்திருக்கும், மாற்றுப் பேட்டரி என்று வருவதில் போலி நிறைய. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் ஒப்பிடணும்.

நாற்பத்தேழாம் தெரு

சோதித்துவிட்டேன், எண்கள் இதோ. என்100 உண்மை: 4 கோர், 6 எம்பி, 24 யூனிட். ஃபேன் இல்லை, சினிபெஞ்சில் பத்து நிமிஷத்தில் 14 சதவீதம் விழுந்தது. பேட்டரி டிசைன் 38,000 மில்லிவாட் அவர், ஃபுல் 37,120, சைக்கிள் 2. உரிமம் ஓஇஎம் டிஎம். எஸ்எஸ்டி சாட்டா, 2280, பிழை இல்லை, 110 ஜிபிக்குப் பிறகு வேகம் 90. கீலில் இடைவெளி இல்லை.

டைப்-சி: 65 வாட் சார்ஜரில் 5 வோல்டிலேயே நிற்கிறது, சார்ஜ் குறி வரவில்லை. 12 வோல்ட் அச்சடித்த வேறொரு சார்ஜரில் 12 வோல்ட், 1.9 ஆம்பியர். ‘நியாயம்’ பத்தில் நாலு முறை என்டரில் விழுந்தது.

12 வோல்ட் பேட்டரிதானே வீட்டில் இருக்கிறது, உருண்டைப் பின்னை நேராக அதில் மாட்டிவிடலாமா?

கம்பி எண்

கூடாது! 12 வோல்ட் பேட்டரி என்பது பெயருக்குத்தான். சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும், தீரும்போது 11 சொச்சத்துக்கு இறங்கும். 12 வோல்ட் அடாப்டருக்குப் போட்ட சுற்று 14.4-ஐத் தாங்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. நடுவில் ஏற்றவும் இறக்கவும் தெரிந்த 12 வோல்ட் 5 ஆம்பியர் ரெகுலேட்டர் வைத்தால் சரி. லேப்டாப்பை மாட்டும் முன் மீட்டரில் வெளியீட்டையும் பின்னின் நடுப்புள்ளி பாசிட்டிவா என்பதையும் பாருங்கள். டைப்-சியிலிருந்து உருண்டைப் பின்னுக்கு மாற்றும் கேபிள் விற்கிறார்கள், அதில் 15, 20 வோல்ட் ரகங்களும் உண்டு. தப்பி மாட்டினால் புகைதான். 12 வோல்ட் ரகம் வாங்கினாலும், சார்ஜரில் 12 இல்லையென்றால் 9-க்கு இறங்கிவிடும், ஏறாது.

பீகூ பட்டறை

மற்றதெல்லாம் பாஸ், ஆனால் உங்கள் வீட்டுக்கு முக்கியமான ஒன்று ஃபெயில். அதே கடையில் 20 வோல்ட் கேட்கும் மாடல் இருக்கிறதா பாருங்கள், ஏழு நாள் இன்னும் முடியவில்லையே. இல்லையென்றால் 12 வோல்ட் அச்சடித்த கார் சார்ஜரும் பவர் பேங்கும் தேடி வாங்கிக்கொண்டு இதையே வைத்துக்கொள்ளலாம்.

நாற்பத்தேழாம் தெரு

மாற்றிவிட்டேன். அதே கடை, வேறு பெயர், அதே என்100, ரேம் 16 ஜிபி, எடை 1.45 கிலோ, ஃபேன் உண்டு. மீட்டரில் 20 வோல்ட், 2.1 ஆம்பியர். அடியோடு தீர்ந்த பேட்டரியிலும் டைப்-சியில் எழுந்தது. அடைப்புக்குறி விசைகள் முழு அகலம், ‘நியாயம்’ பத்துக்குப் பத்து. பேட்டரி டிசைன் 46,200, சைக்கிள் 1. உரிமம்தான் வால்யூம் கேஎம்எஸ் என்று வந்தது. டிரைவரைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டிருக்கிறேன், இப்போது 1.8 ஜிபி ஆகியிருக்கிறது. முடிந்ததும் விண்டோஸை அழிக்கிறேன்.

மௌலமியைன் மழை

அழிக்கும் முன் அந்த ஃபோல்டரைத் திறந்து டச்பேட், ஆடியோ, வைஃபை மூன்றுக்கும் ஐஎன்எஃப் கோப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கம்பி மவுஸ் கையில் இருக்கிறதுதானே?